தேவானையின் வசதிவாய்ப்பு

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் அரசாங்கம் தன் செலவில் வைத்தியம் பார்க்கத்தான் வேண்டுமா என்று சபையில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. பேசியவர்கள் அனைவருக்கும் அரசாங்கச் செலவில்தான் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் பேச்சின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வாசலிலேயே ஆம்புலன்ஸ் நின்றது. வாயுத் தொல்லைதான் என்று தெரிந்ததும் திரும்பி வந்து, இலவச வைத்தியம் மனிதனைச் சோம்பேறியாக்கும் என்ற தம் மீதிப் பேச்சையும் பேசி முடித்தார்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. வைத்தியத்தை நிறுத்தும் இந்த யோசனை தங்களுடையது, ஆட்சியில் இருப்பவர்கள் திருடிவிட்டார்கள் என்று வெளிநடப்புச் செய்தார்கள். காபி குடித்துவிட்டு உள்ளே வந்தார்கள். கடைசியில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் கொடுப்பது ஏழைகளுக்குச் செய்யும் அவமானம்; உண்மையிலேயே முடியாதவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். உண்மையிலேயே முடியாதவர் யார் என்று கண்டுபிடிக்க ஓர் ஆணையம் வேண்டும். ஆணையத்துக்கு ஒரு தலைவர், உறுப்பினர்கள், அவர்களுக்குக் கார்கள், தியாகராய நகரில் ஒரு கட்டடம் எல்லாம் வேண்டும். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்று ஒருவர் கேட்டார். முதியவர்களுக்கு வைத்தியம் பார்க்காமல் மிச்சம் பிடிக்கிற பணத்திலிருந்து என்று பதில் வந்தது. மேசைகள் தட்டப்பட்டன.

எனக்கு அறுபது நடக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் நம்ப வேண்டாம். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். ஆனால் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. அந்த வேலையை ஆணையமே பார்த்துக்கொண்டது.

நொச்சிக்குப்பத்துத் தேவானைக்கு இப்படி ஒரு விவாதம் நடந்ததே தெரியாது. அவள் லூப் ரோடு ஓரத்தில் மீன் விற்பவள். புருஷன் வடிவேலு எத்தனையோ புயலில் கடலுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி, கடைசியில் கரையில் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகன் டில்லிபாபு ஃபைபர் படகில் போகிறான். மருமகள் உண்டு, பேரப்பிள்ளைகள் உண்டு, ஊரைக் கூட்டும் குரல் உண்டு. போனது முட்டிகள்தான். மணலில் கூடையோடு நடந்து போய் ஏலத்தில் நிற்க வேண்டும். இவள் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேருவதற்குள் நல்ல மீனெல்லாம் போய்விடும். மற்றவர்கள் கழித்துப் போட்டதைத்தான் எடுத்து வந்து விற்பாள். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிற்று, மாற்றிவிடலாம், ஆணையத்தின் அட்டை ஒன்று மட்டும் கொண்டு வாருங்கள் என்றார். போன வருஷம்வரை இந்த அட்டை கிடையாது. அட்டை கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று தேவானை கேட்டாள். வீட்டோடு இருங்கள் என்றார். வீட்டோடு இருப்பது என்றால் மருமகள் கையைப் பார்த்துக்கொண்டு இருப்பது. தேவானைக்கு மருமகளை ரொம்பப் பிடிக்கும். அந்தப் பிரியம் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இந்த வயதிலும் சம்பாதித்துக்கொண்டிருந்தாள்.

ஆணையம் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. கீழே ஜவுளிக்கடை. முட்டி வலிக்காரர்களுக்கு மூன்றாவது மாடி. கண் தெரியாதவர்கள் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துத் தங்கள் அறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். காது கேளாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டும் வராதவர்கள் வரவில்லை என்று குறிக்கப்படுவார்கள். லிஃப்ட் இருந்தது. அது தலைவருக்கு.

தேவானை காலையில் ஏற ஆரம்பித்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தாள். பட்டுப்புடவைப் பைகளோடு இறங்கி வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் கையில் பத்து ரூபாயைத் திணித்தாள். வேண்டாம் என்று சொல்ல மூச்சு இல்லாததால் தேவானை வைத்துக்கொண்டாள். மேலே போனபோது மதிப்பீட்டு அலுவலர் சாய்நாத் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். சின்ன வயசு. கெட்டவன் அல்ல. இவள் நின்ற நிலையைப் பார்த்ததும் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான்.

"எப்படிம்மா மேல வந்தீங்க?" என்றான்.

"ஏறித்தான் சார். காலைல புட்ச்சி ஏறிகினு கீறேன்."

"ஆனா ஏறிட்டீங்க."

"ஏறிட்டேன்."

அதைக் கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொண்டான். "மூணு மாடி ஏற முடிஞ்சவங்களுக்கு எதுக்கு முட்டி ஆபரேஷன்னு மேலிடத்துல கேப்பாங்கம்மா. அதான்."

"ஏறாம கீழயே நின்னிருந்தா?"

"அப்போ நீங்க ஆஜர் ஆகலைன்னு அர்த்தம். விண்ணப்பம் தானா ரத்தாயிடும்."

தேவானை தண்ணீரைக் குடித்து முடித்தாள். "ஏறுனவனுக்கும் கெடையாது, ஏறாதவனுக்கும் கெடையாது. அப்போ யாருக்குத்தான்பா குடுக்கறீங்க?"

"அதைத்தான்மா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்றான் சாய்நாத், உண்மையாகவே. அடுத்த கட்டம் வீட்டு ஆய்வு என்றும், தானே வருவதாகவும் சொன்னான்.

இங்கே குப்பத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதிகாரி வருகிறார் என்றால் மற்ற இடங்களில் டிவியைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றுவார்கள், கிழிந்த பாயை எடுத்து விரிப்பார்கள். தேவானையின் வீட்டில் அது நடக்காது. வருகிறவர் கடன் வசூலிக்க வந்தவராக இருந்தாலும் முதலில் மீன், அப்புறம்தான் பேச்சு. இன்னொன்றும் உண்டு. வீட்டு ஆண் கடலில் இருக்கும்போது வீட்டில் யாரும் "இல்லை" என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால் வலை வெறுமையாக வரும். வலை மட்டும் வெறுமையாக வந்தால் பரவாயில்லை, படகே வெறுமையாக வந்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர்கள் பயம். உப்பு தீர்ந்துபோனால்கூட "உப்பு வாங்கணும்" என்பார்களே ஒழிய, உப்பு இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

சாய்நாத் வந்த அன்று டில்லிபாபு கடலில் இருந்தான்.

தேவானை முதல் நாளே சொல்லிவைத்து, ஏலத்தில் நல்ல வஞ்சிரமாக ஒன்றை வாங்கிவரச் செய்திருந்தாள். அது அவள் இரண்டு நாள் வியாபாரத்தை விழுங்கிவிட்டது. சாய்நாத் முதலில் வேண்டாம் என்றான். வாசனை வந்ததும் ஒரே ஒரு துண்டு என்றான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். மயிலாப்பூரில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டு நாக்கு செத்துப்போயிருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னான். கையைக் கழுவிக்கொண்டு வந்து டேப்லெட்டைத் திறந்தான். உணவு என்ற தலைப்பின்கீழ் "விலை உயர்ந்த மீன்" என்று குறித்தான். தின்றவனே சாட்சி என்பதால் மறுக்க வழியில்லை.

அடுத்த கேள்வி, வீட்டிலிருந்து கடல் தெரிகிறதா என்பது. கொட்டிவாக்கத்தில் கடல் தெரிகிற வீடு என்ன விலைக்குப் போகிறது என்று ஆணையத்துக்கு நன்றாகத் தெரியும்.

"கடல் தெரியுதாம்மா?"

"தெரியாம இன்னா சார்? மழக்காலத்துல உள்ளயே வந்துடும்."

வீட்டுக்குள் தண்ணீர் வருவதைக் குறிக்க அவன் கேள்விப் பட்டியலில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அது நீச்சல்குளம். சாய்நாத் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதிலேயே குறித்தான்.

மீனுக்கு ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டி, குளிர்பதன வசதியாயிற்று. நாலு பேரோடு டில்லிபாபு பங்கு வைத்திருந்த படகு, சொந்த இயந்திரப் படகு என்று போயிற்று. அவசரத்துக்குப் பணம் கொடுக்க யாராவது உண்டா என்று கேட்டான்.

"கீறாங்க சார். குப்பமே கீது."

"மூணு வேளையும் சாப்பாடு?"

"கீது."

"பாத்துக்க ஆள்?"

"கீது சார். மருமவ தங்கமான பொண்ணு."

"வலி இருக்காம்மா?"

"அதுவும் கீது."

வலிக்குக் கட்டம் இல்லை. சாய்நாத் மேலும் கீழும் தேடிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, ஒரு கேள்விக்காவது இல்லைன்னு சொல்லுங்களேன். மார்க் ரொம்ப ஏறிக்கிட்டே போகுது" என்றான்.

தேவானை கடல் பக்கம் பார்த்தாள். "புள்ள உள்ள கீறான் நைனா. இன்னிக்கி அந்த வார்த்தய மட்டும் கேக்காத. நாளிக்கி வா, எத்தினி வேணுமோ அத்தினி சொல்றேன்."

"நாளைக்கு அடையாறு" என்றான் சாய்நாத்.

சில நாட்களில் அவள் செல்போனுக்குச் செய்தி வந்தது. மருமகள் படித்தாள். "தாங்கள் வசதிவாய்ப்புள்ள முதியவர் என வகைப்படுத்தப்பட்டுள்ளீர்கள். வாழ்த்துகள்." குப்பத்தில் இது பரவியது. கருவாடு விற்கிற ஹம்சா பிரியாணி எப்போது என்று கேட்டாள். எதிர்வரிசைக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு நிஜமாகவே வந்தார். அவருக்கும் மீன் வைத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

மேல்முறையீடு உண்டு. ஆனால் அதற்கு முன் அடையாறில் ஒரு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும். தகுதி இருந்தும் அதை வெளிப்படுத்தத் தெரியாததால் பல முதியவர்கள் வாய்ப்பை இழக்கிறார்கள் என்று ஆணையம் கவலைப்பட்டு, தனியார் நிறுவனம் ஒன்றிடம் இந்தப் பயிற்சியை ஒப்படைத்திருந்தது. பயிற்சியின் பெயர் "வறுமை வெளிப்பாட்டுத் திறன்". ஏ.சி. அறை. வந்தவர்களுக்கு முந்திரி பிஸ்கட் கொடுத்தார்கள். எடுத்துச் சாப்பிட்டவர்களின் பெயரை ஒருவர் ஓரமாக நின்று குறித்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் தேவானைக்குக் கல்யாணராமன் பழக்கமானார். மயிலாப்பூரில் தனியார் பள்ளி ஒன்றில் காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்து, பென்ஷன் இல்லாமல் ஓய்வு பெற்றவர். குளத்தருகே வாடகை வீட்டில் மனைவி ஜானுவோடு இருக்கிறார். ப்ராஸ்டேட் தொல்லை, ஆபரேஷன் செய்யாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். சலவை வேட்டியோடு நேர்காணலுக்குப் போனது முதல் தப்பு. டிசம்பர் முழுக்கச் சபாக்களில் காணப்பட்டார் என்பது இரண்டாவது.

"காலைக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாதுன்னு சொன்னேன்" என்றார் தேவானையிடம். "அப்போ எதுக்குத் தினம் போறேள்னு கேட்டான். சபாவுல பாத்ரூம் சுத்தமா இருக்கும், என் வியாதிக்கு அது முக்கியம்னேன். சங்கீத ரசனைன்னு எழுதிண்டுட்டான்."

பயிற்சியாளர் ஸ்நேஹா முகத்தில் சிரிப்பு மாறாத இளம்பெண். "நிறைய பேருக்குக் கஷ்டம் இருக்கு. ஆனா உள்ளேயே வச்சுக்கறீங்க. கமிட்டிக்கு எப்படித் தெரியும்? வெளியே கொண்டுவாங்க" என்று ஆரம்பித்தாள். தோளைத் தொங்கப்போடக் கற்றுக்கொடுத்தாள். பெருமூச்சை எந்த இடத்தில் விட வேண்டும் என்று செய்து காட்டினாள். கல்யாணராமனை எழுப்பி, "சார், இந்த வேட்டியைக் கொஞ்சம் கசக்கிக்கலாமா?" என்றாள்.

"தாராளமா கசக்கிக்கறேன். ஆனா ஆத்துக்குப் போனதும் ஜானு மறுபடி பெட்டி போட்டுடுவாளே" என்றார் அவர்.

தேவானையின் முறை வந்தது. கேட்பாரற்றவள்போல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பாவம், முயற்சி செய்தாள். கல்யாணராமன் இரண்டாம் தடவையாகப் பாத்ரூமுக்கு ஓடுவதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஸ்நேஹாவின் குறிப்பில், இருவருக்கும் எதிரே, "நகைச்சுவை உணர்வு இன்னும் நீங்கவில்லை" என்று எழுதப்பட்டது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கல்யாணராமன் விவரம் சொன்னார். மேல்முறையீட்டை மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தலைவரே நேரில் கேட்கப்போகிறார். மேடையில் ஏறி மைக்கில் ஓர் உறுதிமொழியைச் சொல்ல வேண்டும். எனக்கு எதுவும் இல்லை, எனக்கு யாரும் இல்லை, அரசே எனக்குக் கதி. சொன்னால் அங்கேயே அட்டை கொடுத்துவிடுகிறார்களாம்.

"ஒரு வரிதானே. கண்ணை மூடிண்டு சொல்லிட்டு வந்துடப் போறேன். நீங்களும் சொல்லிடுங்கோ" என்றார்.

"பாக்கலாம் வாத்தியாரே" என்றாள் தேவானை. அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அட்டை அவளுக்கு வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவ்வளவு வலி. மறுபடி மணலில் முதல் ஆளாகப் போய் ஏலத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். ஒரு வரிதான் என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஊன்றுகோல், நடைவண்டி, சக்கர நாற்காலி எல்லாம் வந்திருந்தன. மேடைக்குப் பக்கவாட்டில் படிகள். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. சாயங்காலம் அதே மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன் இருந்ததால் பின்னால் பூ அலங்காரக்காரர்கள் கூடைகளோடு காத்திருந்தார்கள்.

ஆணையத் தலைவர் சண்முகசுந்தரம் எழுந்தார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. நன்றாகப் பேசுவார்.

"பெரியோர்களே, சொல்லக் கூசுகிறவர் வசதியானவர். வாய்விட்டுச் சொல்கிறவர் ஏழை. இதைவிடச் செலவில்லாத பரிசோதனை உலகத்தில் இல்லை. சிலர் கேட்கிறார்கள், முதியவர்களை இப்படி மேடையேற்றலாமா என்று. நான் கேட்கிறேன், தன்மானம் உள்ளவன் இலவசத்தை ஏன் கேட்கிறான்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் இரண்டு முட்டிகளும் போன வருஷம் மாற்றப்பட்டவை. நல்ல ஆஸ்பத்திரி, தனி அறை. முழுச் செலவும் அரசாங்கம் கொடுத்தது. அதற்காக நான் எந்த மேடையிலாவது ஏறினேனா? யாரிடமாவது போய்க் கையேந்தி நின்றேனா? ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அந்தத் தன்மானம் உங்களுக்கும் வர வேண்டும் என்பதே இந்த ஆணையத்தின் கனவு."

முன்வரிசையில் ஆணைய ஊழியர்கள் கைதட்டினார்கள். தட்டிய பிறகு ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

முதல் பெயர் கல்யாணராமன். வேட்டியைக் கசக்கியிருந்தார், ஆனாலும் மடிப்புத் தெரிந்தது. மைக் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு எதுவும் இல்லை" என்று தெளிவாகச் சொன்னார். "எனக்கு யாரும்" என்று ஆரம்பித்துவிட்டுக் கண்ணைத் திறந்துவிட்டார். நாலாவது வரிசையில் ஜானு அவருடைய மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்குத் தைரியம் வரட்டும் என்று தலையை வேறு ஆட்டினாள்.

"சொல்லுங்கள்" என்றார் தலைவர்.

"ஜானு இருக்கா சார்."

"இது ஒரு சம்பிரதாயம்தான். மனைவியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்."

"சேர்க்காம எப்படி? எதுக்கால உக்காந்துண்டிருக்கா. அவளைப் பாத்துண்டே யாரும் இல்லைன்னு மைக்குல சொல்லச் சொல்றேளே, நேக்கு வாய் வரலை" என்றார் கல்யாணராமன். இறங்கவும் இல்லை. ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

அடுத்தது தேவானை. சாய்நாத் ஓடி வந்து கையைப் பிடித்து மேடையில் ஏற்றினான். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அது தேவையில்லை என்று முடிவு செய்தாள். ஏலத்தில் நின்ற குரல்.

"எம் பேரு தேவானை. நொச்சிக்குப்பம். எனக்குப் புள்ள கீறான், மருமவ கீறா, பேரப்புள்ளங்க கீது. கையி கீது, வாயி கீது. முட்டி ரெண்டும் போச்சி. இத்தினி வருசம் இந்த ஊருக்கு மீன் போட்டு, எங்கிட்ட இருந்ததுல வரியும் கட்டிகினுதான் கீறேன். ஒரு சோப்பு வாங்குனாலும் ஒங்குளுக்குப் பங்கு குட்த்துட்டுத்தான் குளிக்கிறேன். யாரும் இல்லன்னு சொன்னாத்தான் முட்டி போடுவேன்னு சொல்ற. அப்பிடி சொல்லி வாங்குன முட்டிய வச்சிகினு நான் யாரு வூட்டுக்கு சார் நடந்து போறது?"

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உணர்ச்சிவசப்பட வேண்டாம் அம்மா. உறுதிமொழியைச் சொல்லவில்லை என்றால் விண்ணப்பம் தள்ளுபடி. இறங்கலாம்."

தேவானை படிகளைப் பார்த்தாள். "எறங்க முடியாது சார்."

"முடியாது என்றால்?"

"ஏறச்சொல்லோ வலிதான், பல்லக் கட்ச்சிகினு ஏறிடலாம். எறங்கச்சொல்லோதான் உயிர் போவுது. முட்டி வலி கண்டவங்கள கேட்டுப் பாரு. ஒன் முட்டிதான் புச்சாச்சே, மறந்துகீறே. எனக்கு முட்டி போடு, எறங்கிடறேன்." சொல்லிவிட்டு மேடை நடுவில், தலைவரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவளாக உட்கார்ந்தால் அவளாக எழுந்திருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தாள். கல்யாணராமனும் வேட்டியை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு ஊழியர்கள் தூக்க வந்தார்கள். தேவானை அவர்களை ஒரு பார்வை பார்த்தாள், போய்விட்டார்கள். மண்டப மேனேஜர் வந்து, மணமக்கள் நாற்காலி மேடையில் போட வேண்டும், பெண் வீட்டார் கிளம்பிவிட்டார்கள் என்று கையைப் பிசைந்தார். தலைவரும் உறுப்பினர்களும் திரைக்குப் பின்னால் போய் ஆலோசித்தார்கள். ஒரு மீன்காரியும் ஒரு வாத்தியாரும் உட்கார்ந்ததற்காகக் கொள்கையை மாற்றினால் அரசாங்கத்தின் கௌரவம் என்ன ஆவது என்று ஒருவர் கேட்டார். கொள்கையை மாற்ற வேண்டாம், ஒரு சிறப்புப் பிரிவு உண்டாக்கினால் போதும் என்று இன்னொருவர் வழி சொன்னார். அனுபவஸ்தர்.

தலைவர் வந்து மைக்கில் படித்தார். "மேடையிலிருந்து இறங்க இயலாத முதியோர் என்னும் சிறப்புப் பிரிவு இதனால் தோற்றுவிக்கப்படுகிறது. தற்போது மேடையில் உள்ளவர்களுக்கு, உறுதிமொழியிலிருந்து விலக்களித்து, உடனடியாக அட்டை வழங்கப்படும்."

பிறகு இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு நடைவண்டி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் எல்லா ஊன்றுகோல்களும் தரையில் தட்டின. கண் தெரியாத சர்தார் என்கிற பெரியவர், முன்னால் போனவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஜானு மருந்துப் பையோடு ஏறி வந்து புருஷனுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். முதியவர்களை உடனே கீழே இறக்கச் சொல்லித் தலைவர் சாய்நாத்துக்குச் சைகை காட்டினார். சாய்நாத் படியருகே போனான். கையை நீட்டி, அங்கே ஏற முடியாமல் நின்ற ஓர் அம்மாவை மேலே தூக்கிவிட்டான். அன்றோடு அவன் வேலை போயிற்று. இதை அவன் வருத்தப்பட்டுச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

தலைவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டு உறுப்பினர் பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் குடுத்துட்டா அப்புறம் நம்ம ஆணையம் எதுக்குய்யா?" என்றார். அது கடைசி வரிசைவரை கேட்டது. காது மந்தமானவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள். சொல்ல மிகவும் ஆசைப்பட்டார்கள்.

பிறகு தலைவர் கையெழுத்துப் போட்ட முதல் அட்டையைத் தாமே எடுத்துக்கொண்டு தேவானையிடம் குனிந்தார். புது முட்டிகள், சுலபமாக மடங்கின. "இந்தாங்கம்மா, உங்களுடையது. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. நாலு பேர் தூக்கி இறக்கிவிடுவார்கள், வலிக்காது. நீங்கள் இறங்கினால் மற்றவர்களும் தானாக இறங்கிவிடுவார்கள்."

தேவானை அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவள் போட்டோ அதில் இருந்தது. எத்தனை நாள் இதற்காக ஏங்கினாள் என்பது எனக்குத் தெரியும். மேடையைச் சுற்றிப் பார்த்தாள். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பந்தியில எனக்கு மட்டும் எல போட்டுட்டு, மத்தவங்கள எழுந்து போவச் சொல்றியே சார்" என்றாள். "எல்லாருக்கும் போடு. கடேசி ஆளுக்குப் போட்டப்பறம் எறங்கறேன்."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தேவானை அவரைப் பார்க்கவில்லை. படியில் மூச்சு வாங்க நின்றிருந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நவுந்து குந்து வாத்தியாரே" என்றாள். "அந்தம்மா ஏறுது."